நம்பிக்கை இல்லாம நடந்தா மனசுக்கு ஒட்டுமா?

மொட்டைமாடி_முருகு | ஞாயிறு, இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 67. அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஆள் ரொம்பச் சுருங்கிட்டார். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்தான், "தினம் நாப்பது நிமிஷம் நடங்க சார், சுகரும் இறங்கும், மனசும் லேசாகும்"னு சொல்லி அனுப்பினார். அப்பா சொன்னதைச் செய்யிற ஆள். முப்பத்திநாலு வருஷம் லைன்மேனா கம்பம் ஏறின உடம்பு. விடியக்காலை அஞ்சே முக்காலுக்கு ஸ்கூல் கிரவுண்டுக்குப் போயிடுவார். எட்டு சுத்து. கணக்கு தப்பக்கூடாதுன்னு நான் வாங்கிக் குடுத்த டிராக் பேண்ட்டோட வலது பாக்கெட்ல எட்டுப் புளியங்கொட்டை போட்டுக்குவார். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்கு மாறும். எட்டும் மாறினா வீடு.

நாலு மாசம் ஆச்சு. சுகர் இறங்கியிருக்கு. மனசு? கேட்டா, "நடந்தா கால் வலிக்கும். மனசுக்கும் அதுக்கும் என்ன? டாக்டர் சொன்னாரு, நடக்கிறேன்." ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்ற மாதிரி போயிட்டு வர்றார். அதே கிரவுண்டுல அதே நேரத்துக்கு எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும் நடக்கிறார். அவர் முகத்துல அப்படி ஒரு தெளிச்சி. "நடக்கலைன்னா அன்னைக்குப் பூரா எனக்கு எதுவும் ஓடாது தம்பி"ம்பார்.

நேத்து வாட்ஸப்ல ஒரு செய்தி வந்துச்சு. ஜெர்மனில ஆராய்ச்சியாம், "உடற்பயிற்சி பலன் தரும்னு நம்பினால்தான் மனசுக்குப் பலன்"னு. அப்போ நம்பாத எங்கப்பா நடக்கிறது வீணா? நான் உக்காந்து நாலு வார்த்தை ஏத்திவிட்டா வேலை செய்யுமா? அது பெத்தவர்கிட்ட பொய் சொல்ற மாதிரி ஆகிடாதா?

ரன்னர்_ரமணி | ஞாயிறு, இரவு 10:05

எண்டார்ஃபின் சார்! ஓடினா ஊறும், ஊறினா ஜாலி. இதுல நம்பிக்கை எங்கேர்ந்து வந்துச்சு? அப்பாவைக் கொஞ்சம் வேகமா நடக்கச் சொல்லுங்க, தானா வரும்.

கோவை_பிசியோ | ஞாயிறு, இரவு 10:31

முருகு, வீண் இல்லை. முதல்ல அந்தப் பயத்தை விடுங்க.

ரமணி, எண்டார்ஃபின் கதை நீங்க நினைக்கிற அளவு நேர்க்கோடு இல்லை. ரத்தத்துல ஊறுற எண்டார்ஃபின் மூளைக்கு முன்னாடி இருக்கிற தடுப்பைச் சுலபமாத் தாண்டாது. 2021ல ஜெர்மனிலயே ஒரு ஆய்வு வந்துச்சு. எண்டார்ஃபின் போய் ஒட்டுற இடத்தை நால்ட்ரெக்ஸோன்ங்கிற மருந்தால அடைச்சுட்டு ஆட்களை ஓடவிட்டாங்க. அப்பவும் ஓட்டம் குடுக்கிற அந்தக் குஷி வந்துச்சு. உடம்பே தயாரிக்கிற, கஞ்சாவோட உறவுக்கார ரசாயனங்கள் மேலதான் இப்ப சந்தேகம் அதிகம்.

முருகு சொல்ற ஆய்வு ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்துல நடந்தது. ஹென்ட்ரிக் மோதஸ் குழு, 2017. 76 பேர், எல்லாரும் 18லேர்ந்து 32 வயசுக்குள்ள. நின்ன இடத்துலயே மிதிக்கிற சைக்கிள்ல மிதமா 30 நிமிஷம். அதுக்கு முன்னாடி சிலருக்கு "இது உடம்புக்கு அவ்ளோ நல்லது"ன்னு படம் போட்டாங்க, சிலருக்கு அப்படிப் புகழாத படம். தலையில மின்முனை மாட்டி மூளை அலையையும் பார்த்தாங்க. நல்ல எதிர்பார்ப்போட வந்தவங்க மிதிச்சதை அதிகமா ரசிச்சாங்க, மனசு தெளிஞ்சுது, பதட்டம் குறைஞ்சுது.

2007லயே ஆலியா கிரம், எலன் லாங்கர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல 7 ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற 84 பெண்களை வெச்சு ஒண்ணு பண்ணினாங்க. பாதிப் பேருக்கு மட்டும், "நீங்க செய்யிற வேலையே நல்ல உடற்பயிற்சி, அரசாங்கம் சொல்ற அளவுக்கு மேலயே செய்யிறீங்க"ன்னு சொன்னாங்க. நாலு வாரத்துல அவங்களுக்கு எடை ஒரு கிலோ கிட்டக் குறைஞ்சுது, மேல் பிரஷர் 10 புள்ளி இறங்குச்சு.

அதனால தாராளமா ஏத்திவிடுங்க. என் கிளினிக்ல முழங்கால் தேய்ஞ்சு வர்றவங்ககிட்ட நான் செய்யிற பாதி வேலை அதுதான்.

புள்ளிவிவரப்புலி | ஞாயிறு, இரவு 11:40

பிசியோ சார், கோவிச்சுக்காதீங்க. ஆய்வைச் சரியாத்தான் சொன்னீங்க, முடிவைத்தான் அவசரமா எடுத்துட்டீங்க.

ஃப்ரைபுர்க் ஆய்வுல எதிர்பார்ப்பு ரெண்டு வகை. ஒண்ணு, அந்தப் படத்தைக் காட்டி அப்போதைக்கு ஊட்டினது. இன்னொண்ணு, ஆள் வீட்டுலேர்ந்தே கொண்டுவந்தது, முந்தின அனுபவத்துல ஊறினது. ரசிச்சது, மனநிலை, பதட்டம், இந்த மூணுலயும் வித்தியாசம் காட்டினது ரெண்டாவது வகைதான். படத்தால மூளையில ஆல்ஃபா-2ங்கிற அலை பெரும்பாலும் கூடியிருக்கு. ஆனா ஆளைக் கேட்டா மனசு கூடுதலா லேசானதா சொல்லலை. வாட்ஸப்காரன் முழுங்கின இடம் இதுதான். ஏத்திவிடறதுன்னு முருகு கேக்கிறாரே, அதோட சோதனைச்சாலை வடிவம்தான் அந்தப் படம். அது மனசு வரைக்கும் போய்ச் சேரலை.

இன்னொரு வரியும் இருக்கு, அப்பாவுக்கு ரொம்ப வேண்டியது. மிதிச்ச பிறகு ரத்த அழுத்தம் இறங்குச்சு. நம்பினவனுக்கு, நம்பாதவனுக்குன்னு வித்தியாசமே இல்லை. ரத்தக்குழாய் யாரோட அபிப்பிராயத்தையும் கேக்கிறதில்லை.

இந்தத் துறையோட பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. மாத்திரைன்னா மருந்தையும் வெத்து மாத்திரையையும் ஒரே கலர்ல குடுத்து யாருக்கு எதுன்னு தெரியாம பண்ணிடலாம். நடக்காத ஒருத்தனை நடந்ததா நம்பவைக்க முடியுமா? வேர்த்துப்போய் நிக்கிறவனுக்குத் தான் எந்தக் குழுன்னு தெரியும். அதனால மனசுக்குக் கிடைச்ச நன்மையில எவ்வளவு நடையோடது, எவ்வளவு எதிர்பார்ப்போடதுன்னு பிரிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். 2015ல லிண்ட்ஹைமர் குழு பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, கிட்டத்தட்டப் பாதி எதிர்பார்ப்பு மாதிரியான விஷயங்களால வர்றதா இருக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. பாதிங்கிறதை ரெண்டு பக்கமும் வாசிக்கணும். மிச்சப் பாதி நடையோடது.

மருந்துலயும் இதே கதைதான். அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ப்ளூமென்தால் குழு 2007ல மனச்சோர்வு நோய் இருந்த 202 பேரைப் பார்த்தாங்க. நாலு மாசம் கழிச்சு நோய் விலகினவங்க: பக்கத்துல ஆள் நின்னு பயிற்சி குடுத்த குழுவுல 45%, வீட்டுல தானா செஞ்சவங்க 40%, மருந்து எடுத்தவங்க 47%, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்க 31%. அந்த 31ஐக் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க.

நியாயமா பிசியோ பக்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும். 1993ல கியூபெக்ல தெஷார்னேன்னு ஒருத்தர் 48 பேருக்குப் பத்து வாரப் பயிற்சி குடுத்தார். ஒரு குழுகிட்ட மட்டும் இது மனநலத்துக்குன்னே வடிவமைச்சதுன்னு பத்து வாரமும் அழுத்திச் சொன்னாங்க. உடல் தெம்பு ரெண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி ஏறுச்சு. தன்மதிப்பு, சொல்லிக் கேட்ட குழுவுக்குத்தான் கூடுச்சு. ஒரு தடவை படம் போடறது வேற, பத்து வாரம் கூடவே நிக்கிறது வேற.

ரன்னர்_ரமணி | திங்கள், காலை 5:12

நான் ஓடப் போறேன். வந்து படிக்கிறேன். படிச்சிட்டு ஓடினா ஓட்டம் கெட்டுடும்போல.

அகிலா_இரண்டாம்தளம் | திங்கள், காலை 11:26

எல்லாம் சரி, அந்த ஹோட்டல் ஆய்வு மட்டும் எனக்குச் செரிக்கலை. ரூம் கூட்டித் துடைக்கிற பொம்பளைக்கு "நீ செய்யிறதே எக்சர்சைஸ்"னு ஒரு பேப்பரை ஒட்டிட்டா பிரஷர் இறங்கும்னா ஓனருக்கு எவ்வளவு சௌகரியம்! சம்பளம் கூட்டவேண்டாம், நடுவுல உக்கார நாற்காலி போடவேண்டாம்.

எங்கம்மா அடிபம்புலேர்ந்து நாளைக்குப் பன்னெண்டு குடம் தூக்கினவங்க. மாவாட்டுறது, துவைக்கிறது எல்லாம் தனிக்கணக்கு. "அந்தக் காலத்துப் பொம்பளைங்க ஜிம்முக்கா போனாங்க"ன்னு இப்பவும் கல்யாண வீட்டுல யாராவது ஒரு மாமா ஆரம்பிப்பார். அம்மாவுக்கு அம்பத்தஞ்சுல கை தோளுக்கு மேல ஏறலை. தலை வாரிவிட நான்தான் போவேன். மனசுக்கு அதுல என்ன கிடைச்சுதுன்னு அந்த மாமாவை ஒருநாள் கேக்கணும்.

நான் ராத்திரி ஒன்பதரைக்கு மொட்டைமாடில இருபது நிமிஷம் நடக்கிறேன். தண்ணித் தொட்டியைச் சுத்தி, ஃபோனைக் கீழே வெச்சுட்டு. அந்த இருபது நிமிஷம் யாரும் "அம்மா, என் சாக்ஸ் எங்க"ன்னு கேக்க முடியாது. எனக்கு மனசு லேசாகுதுதான். நடையாலயா, நம்பிக்கையாலயா, தனியா இருக்கறதாலயான்னு கேட்டா தெரியாது. பிரிச்சுப் பார்க்க எனக்கு ஆசையும் இல்லை.

புள்ளிவிவரப்புலி | திங்கள், மதியம் 1:15

அகிலா மேடம் கோவம் நியாயம். 2011ல இன்னொரு குழு, பல்கலைக்கழக விடுதியில துப்புரவும் சமையலும் பார்க்கிற பெண்களை வெச்சு அதே மாதிரி பண்ணிப் பார்த்தாங்க. அந்த முன்னேற்றம் வரலை. அதனால அந்த 84 பேர் கதையைக் கொஞ்சம் தள்ளி வெச்சே சொல்லணும். ஓய்வு நேரத்துல உடம்பு அசையிறதும் கூலிக்கு அசையிறதும் உடல்நலத்துக்கு ஒண்ணு இல்லைன்னு சொல்ற ஆராய்ச்சிகளும் நிறைய இருக்கு.

பனங்காய்ப்_பணியாரம் | திங்கள், இரவு 8:50

நான் ரொறொன்ரோவில இருக்கிறன். இதில ஒரு விசயம் ஒருத்தரும் கதைக்கேல்ல, அதுதான் எழுதுறன்.

மூண்டு வருசத்துக்கு முன்னம் எனக்கு மனச்சோர்வு. குளிர்காலம், நாலரைக்கே இருட்டிப் போடும். வாற போற ஆக்கள் எல்லாரும் "ஓடு, ஜிம்முக்குப் போ, பொசிட்டிவா நினை, எல்லாம் பறந்திடும்" எண்டு சொல்லிச்சினம். நானும் போனனான். ட்ரெட்மில்லில நிண்டு அழுதுகொண்டு நடந்திருக்கிறன். ஒண்டும் பறக்கேல்ல. அப்ப நான் என்ன நினைச்சன் தெரியுமோ? நான் சரியா நம்பேல்ல, பிழை என்னிலதான் எண்டு. வருத்தம் ஒண்டு, வருத்தம் மாறாததுக்கு நானே காரணம் எண்ட குற்ற உணர்ச்சி இன்னொண்டு. பிறகு டொக்டரிட்டப் போய் மருந்து எடுத்து, கதைச்சு, ஒரு நாலு மாசத்தால தான் நடை எனக்குப் பிடிபட்டது.

முருகு, உங்கட அப்பாவுக்கு ஒன்றரை வருசமா இப்பிடி எண்டால் ஒருக்கா மனநல டொக்டரிட்டையும் காட்டுங்கோ. நடக்கட்டும், வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா "நீங்கள் நம்பினால் சரிவரும் அப்பா" எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. சரிவராட்டில் அந்த மனுசன் தன்னைத்தான் நோகும்.

மற்றது, ஒப்பிட விடாதேங்கோ. அந்த ஆலியா கிரம் இன்னொரு ஆளோட சேர்ந்து 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டவ. அமெரிக்காவில 61,141 பேரின்ர தரவு, 21 வருசம் வரைக்கும் பின்தொடர்ந்தது. தன்ர வயதுக்காரரை விடத் தான் குறைவா அசையிறன் எண்டு நினைச்ச ஆக்கள், கூட அசையிறன் எண்டு நினைச்ச ஆக்களை விட அந்தக் காலத்துக்குள்ள சாகிற வாய்ப்பு 71% கூட. உண்மையில எவ்வளவு அசைஞ்சவை எண்டதையும் கணக்கில எடுத்த பிறகுதான் இது. நினைப்புத்தான் காரணம் எண்டு இதை வைச்சு அடிச்சுச் சொல்லேலாது, ஆனா எனக்கு வாசிக்கேக்க நெஞ்சு திக்கெண்டது.

மொட்டைமாடி_முருகு | திங்கள், இரவு 10:20

பனங்காய் அக்கா, நன்றி. அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்கேன். அவரைக் கூட்டிட்டுப் போறதுதான் பெரும்பாடா இருக்கும், "எனக்கென்ன பைத்தியமா"ம்பார். சுகர் டாக்டரை விட்டே சொல்லச் சொல்லலாம்னு இருக்கேன்.

நீங்க ஒப்பிடறதைப் பத்திச் சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன மாசம் அப்பா, "வாத்தியார் பன்னெண்டு சுத்து போறார், எனக்கு எட்டுதான் ஏலுது"ன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்களும் கூட்டுங்கப்பா"ன்னுட்டேன்.

சரி, ஏத்திவிடறதைக் கைவிட்டாச்சு. வேற என்னதான் செய்யிறது?

கோவை_பிசியோ | செவ்வாய், காலை 7:02

புலி அடிச்ச அடி சரியான இடத்துலதான் விழுந்திருக்கு. ராத்திரி திரும்பப் போய் வாசிச்சேன். என் கிளினிக்லயும் முதல் நாள் பேச்சுக்குப் பெரிசா பலன் இருந்ததில்லை. மூணாவது வாரம், "சார், நேத்து படி ஏறினேன், வலி கம்மியா இருந்துச்சு"ன்னு அவங்களே வந்து சொல்ற அன்னைக்குத்தான் ஆள் மாறுவார். அந்த நம்பிக்கையை நான் குடுக்கலை. அவர் கால் குடுத்தது.

ஆனா கெட்ட வார்த்தைக்கு இவ்வளவு நாள் தேவைப்படறதில்லை, இதையும் கவனிங்க. 2019ல ஸ்டான்ஃபோர்டுல ஆட்களோட மரபணுவைச் சோதிச்சு, முடிவை மட்டும் அவங்க இஷ்டத்துக்கு மாத்திச் சொன்னாங்க. "உங்களுக்குச் சீக்கிரம் களைச்சுப்போற மரபணு"ன்னு கேட்டவங்க, உண்மையில அது இல்லாட்டியும், ட்ரெட்மில்லுல முன்னைவிடச் சீக்கிரம் நின்னுட்டாங்க, மூச்சோட திறனும் குறைஞ்சுது. அதனால "வயசாச்சு, பார்த்து, மூட்டு போயிடும்"னு வீட்டுல யாரும் பேசாதீங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல மேத்யூ ரூபி குழு 2011ல ஒண்ணு பண்ணினாங்க. பயிற்சிக்கு முன்னாடி, "இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்"னு கேட்டாங்க. முடிச்ச பிறகு, "எவ்வளவு பிடிச்சுது"ன்னு கேட்டாங்க. யோகா, எடை தூக்கறது, எதுவா இருந்தாலும் முன்னாடி சொன்னது பின்னாடி சொன்னதைவிடக் குறைச்சல். ஏன்னா யோசிக்கும்போது மனசு போய் நிக்கிறது ஆரம்பத்துல. முதல் அஞ்சு நிமிஷந்தான் எப்பவும் கடுப்பு. பிடிச்ச பகுதியை முன்னாடி கொண்டுவந்தா எதிர்பார்ப்பும் ஏறுச்சு.

அப்பா எந்தப் பக்கத்துலேர்ந்து நடக்க ஆரம்பிக்கிறார்?

மொட்டைமாடி_முருகு | செவ்வாய், காலை 9:40

முன் கேட்டுலேர்ந்து. அதுக்குப் பக்கத்துலதான் குப்பை எரிக்கிற மூலை. அங்கேயே ஒரு நாய் படுத்திருக்கும், அப்பாவைக் கண்டா உறுமும். பின் கேட்டுப் பக்கம் வேப்பமரம், சிமெண்ட் பெஞ்சு, அதுக்கு வெளியில இட்லிக் கடை. வாத்தியார் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பார்! இதை நான் யோசிச்சதே இல்லை.

கோவை_பிசியோ | செவ்வாய், காலை 9:58

அப்போ கேட்டை மாத்துங்க. மனசு எப்படி இருக்குன்னு கிளம்பும்போது பத்துக்கு எத்தனை, வந்ததும் பத்துக்கு எத்தனை, ரெண்டு எண் மட்டும் எழுதச் சொல்லுங்க. "கூடும் பாருங்கப்பா"ன்னு வாயைத் திறக்காதீங்க. கூடினா அவருக்கே தெரியும். கூடலைன்னா அதையும் டாக்டர்கிட்டக் காட்டலாம்.

தென்னந்தோப்பு | செவ்வாய், மதியம் 2:33

வெறுங்கால்ல புல்லுல நடந்தா போதும், எல்லாம் சரியாகும். எங்க தாத்தா 94.

மொட்டைமாடி_முருகு | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:15

கேட்டவங்களுக்காக.

டாக்டரைப் பார்த்தாச்சு. அடுத்த மாசம் திரும்ப வரச் சொல்லியிருக்கார். போகும்போது ஒரு பாட்டுத் திட்டினார், வரும்போது "நல்லாத்தான் பேசினாரு"ன்னார். அவ்வளவுதான் தகவல்.

எண் எழுதறதுக்கு முதல்ல ஒத்துக்கலை. "மீட்டர் ரீடிங்கா எடுக்கச் சொல்றே"ன்னு கேட்டார். அப்புறம் என்ன தோணுச்சோ, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் பென்சிலால எழுத ஆரம்பிச்சார். முதல் நாள்: "மு. 4, பி. 4. பால் பாக்கி 38 ரூ." அடுத்த நாளும் நாலு, நாலு. மூணாவது நாள் நாலு, அஞ்சு. அப்புறம் ஒருநாள் அஞ்சு, மூணு. பக்கத்துலயே "நாய்"னு எழுதியிருந்தார். பழக்கதோஷத்துல முன் கேட்டுக்கே போயிருக்கார். பிறகு நாலஞ்சு நாள் நாலு, அஞ்சு. ஒரே ஒரு ஆறு. அன்னைக்கு இட்லிக் கடை திறந்திருந்துதான்னு நான் கேக்கலை.

நேத்து தாளைக் காணோம். கேட்டா பென்சில் சீவலைன்னார். பேண்ட்டைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டைத் துழாவினேன். வலதுல அஞ்சு கொட்டை, இடதுல மூணு. ஆனா வீட்டுக்கு வந்தது வழக்கத்தைவிட அரைமணி லேட்டு. "எத்தனை சுத்துப்பா போனீங்க?"ன்னேன்.

"யார் எண்ணினா? வாத்தியார் அவர் சர்வீஸ் கதையை ஆரம்பிச்சுட்டார். பாதியிலயே விட்டுட்டு வர முடியுமா?"

பத்துக்கு எத்தனைன்னு கேட்டதுக்கு, "அதே நாலுதான்"னார்.

அகிலா_இரண்டாம்தளம் | ஞாயிறு, இரவு 9:31

அந்த நாலைப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டேன். எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க.

புள்ளிவிவரப்புலி | ஞாயிறு, இரவு 9:44

ஆள் ஒருத்தர், நாள் பதினாலு, நடுவுல டாக்டர், வாத்தியார், கேட்டு மாத்தினதுன்னு மூணு விஷயம் கலந்திருக்கு. இதை வெச்சு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

கொட்டையை மட்டும் எடுத்துட்டுப் போடுங்க. மெஷின் ஃபில்டர்ல போய் அடைச்சுக்கும்.